பன்னிரண்டு டாலர்

மொய் எழுதும் இடத்தில் யாரும் 100 ரூபாய் வைப்பதில்லை, 101 வைப்பார்கள். முழுத் தொகையாக வைத்தால் கணக்கு முடிந்துபோகும், மேலே ஒரு ரூபாய் இருந்தால் உறவு நீளும் என்று என் பாட்டி சொல்வாள். ஒரு தொகைக்குள் ஒரு சொல்லை வைத்துக் கொடுக்கலாம் என்பதை அந்த ஒற்றை ரூபாயில்தான் கற்றுக்கொண்டேன். பல வருடம் கழித்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குவின்சி என்ற ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 1995இல் பாகிஸ்தானில் ஒரு பள்ளி கட்ட நிதி திரட்டிய கதையைப் படித்தபோது பாட்டியின் ஒற்றை ரூபாய் நினைவுக்கு வந்தது. அவர்கள் கேட்டது 12 டாலர். பத்தும் இல்லை, இருபதும் இல்லை. பன்னிரண்டு.

குவின்சி, பாஸ்டனுக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். ஜான் ஆடம்ஸ், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் என்று இரண்டு ஜனாதிபதிகள் பிறந்த மண் என்று பெருமை பேசுவார்கள். ஆனால் அந்த ஊரை வளர்த்தது கப்பல் கட்டும் தளம். அதுவும் 1986இல் மூடிவிட்டது. அங்கே பிராட் மெடோஸ் நடுநிலைப் பள்ளிக்கு 1994 டிசம்பர் 2 அன்று ஒரு விருந்தாளி வந்தான். பெயர் இக்பால் மசீ, வயது 12. பாகிஸ்தானின் பஞ்சாபில் லாகூருக்குப் பக்கத்திலுள்ள முரீத்கேயிலிருந்து ஒரு மனித உரிமை விருதை வாங்கிக்கொள்ள பாஸ்டனுக்கு வந்திருந்தவன். தன் வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அவன் ஆறு வயதுக் குழந்தையின் உருவத்தில் நின்றான். உயரம் நான்கு அடிக்கும் குறைவு.

நான்கு வயதில் அவனைக் கம்பளத் தறிக்கு அனுப்பினார்கள். குடும்பத்தில் ஒரு கல்யாணச் செலவு, அதற்கு வாங்கிய 600 ரூபாய் கடன், கடனுக்கு ஈடாகப் பையன். அங்கே இதற்குப் பேஷ்கி என்று பெயர். நம் ஊர்ச் செங்கல் சூளைகளிலும் தறிக்கூடங்களிலும் முன்பணம் என்போம், அட்வான்ஸ் என்போம். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பிள்ளைகள் இதே கணக்கில் உட்கார்ந்திருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல்கூட எழுதியது. ஆகவே இந்தக் கடனின் குணத்தைத் தமிழில் படிப்பவருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. உழைக்க உழைக்க ஏறும் கடன் அது. முடிச்சில் பிழை வந்தால் அபராதம், சோற்றுக்குப் பிடித்தம், வீட்டில் யாருக்காவது நோய் என்றால் மேலும் ஒரு கடன். ஆறு வருடம் தறியில் குந்தியிருந்த பிறகு இக்பாலின் பெயரில் 13,000 ரூபாய் நின்றது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பாகிஸ்தானில் 1992இல் வந்தது. கொத்தடிமைகளின் விடுதலைக்காக எஹ்சான் உல்லா கான் நடத்திய முன்னணியின் கூட்டம் ஒன்றுக்குப் போனான் இக்பால். அதன்பின் தறிக்குத் திரும்பவில்லை. அவர்களுடைய பள்ளியில் சேர்ந்து நான்கு வருடப் பாடத்தை இரண்டு வருடத்தில் முடித்தான். வக்கீலாக வேண்டும் என்றான்.

அந்த 600 ரூபாயை, அவன் கதையை அமெரிக்காவில் சொன்னவர்கள் டாலரில் மாற்றிச் சொன்னார்கள்: 12 டாலர்.

இக்பால் வந்த சமயத்தில் குவின்சி வகுப்பில் கேத்தரின் பேட்டர்சனின் ‘லிடி’ நாவலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1840களில் அதே மாசசூசெட்ஸின் லோவெல் நகரத்து நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் கதை. குடும்பக் கடன், காலை முதல் இரவு வரை இயந்திரம், பஞ்சுத் தூசு அடைத்த நெஞ்சு. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தப் பிள்ளைகள் இக்பாலின் துயரத்தை எங்கோ கிழக்கே இருக்கும் ஏழை நாட்டின் தலையெழுத்தாகப் பார்க்கவில்லை. தங்கள் மண்ணிலும் பிள்ளைகளைத் தின்ற தறிகள் இருந்தன, அவற்றை மனிதர்கள்தான் நிறுத்தினார்கள் என்று தெரிந்த பிறகே அவனைச் சந்தித்தார்கள். பரிதாபம் தலைதூக்காமல் காத்தது அந்த நாவலாகத்தான் இருக்க வேண்டும். கொடுக்கிறவன் தன் ஊரின் பழைய காயத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால் கை வேறு மாதிரி நீளும்.

பாஸ்டன் மேடையில் இக்பால் ஒரு கையில் கம்பள நெசவுக் கருவியையும் மறு கையில் பேனாவையும் தூக்கிக் காட்டினான். பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டியது எது என்பதை அப்படிச் சொன்னான். வகுப்புக்கு வந்து போன பிறகு அங்கே எல்லாரும் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். கம்பளம் விற்கும் கடைகளுக்கு, அரசியல்வாதிகளுக்கு, அப்போது பாகிஸ்தானின் பிரதமராக இருந்த பெனசீர் புட்டோவுக்கு. இந்தக் கட்டத்தில் யாரும் ஒரு காசும் திரட்டவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. முதலில் ஒரு முகம் வந்தது. பிறகு கடிதங்கள். பணம் மாதங்கள் கழித்துத்தான் வந்தது, அதுவும் ஒரு சாவுக்குப் பிறகு.

1995 ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு. முரீத்கே பக்கத்தில் உறவுப் பையன்களோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இக்பாலைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி குவின்சிக்கு வந்தபோது பள்ளி விடுமுறை. பிள்ளைகள் விடுமுறையிலேயே கூடினார்கள். துக்கம் கேட்கப் போக வழியில்லாத தூரத்தில் ஒரு நண்பன் செத்துக் கிடக்கிறான். என்ன செய்வது? அவன் என்ன கேட்டானோ அதைச் செய்வது என்று முடிவானது. அவன் கேட்டது பள்ளிக்கூடம். அவனை விற்ற விலை 12. அவன் செத்த வயது 12. ஆகவே ஆளுக்கு, அல்லது வகுப்புக்கு, 12 டாலர். தனியாக அவ்வளவு முடியாத பிள்ளைகள் சேர்ந்து அந்தத் தொகையை ஆக்கலாம்.

நம் பள்ளிகளில் நாங்கள் கொடுத்த காசை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். கொடி நாளுக்கு ஒரு சின்னக் கொடி, குண்டூசியோடு. இன்னொரு நாள் காசநோய் வில்லை. வகுப்பாசிரியர் கத்தையாகக் கொண்டுவருவார். மறுநாள் வீட்டிலிருந்து காசு வர வேண்டும். கொண்டுவராதவன் எழுந்து நிற்பான். எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தக் காசு நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காசநோய் என்றால் என்ன, அது எங்கள் தெருவில் யாருக்கு வந்திருக்கிறது, வில்லை விற்ற காசு எந்த மருந்தாக மாறும் என்று ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. எங்கள் தெருவில் இருமிக்கொண்டே செத்துப்போன தறிக்காரரையும் என் கணக்கு நோட்டின் அட்டையில் ஒட்டிய வில்லையையும் சேர்த்துப் பார்க்க எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது. ஒரு குழந்தையிடம் காசை வாங்கிக்கொண்டு காரணத்தைக் கொடுக்காமல் அனுப்புவது அநியாயம் என்றே இன்று நினைக்கிறேன்.

குவின்சிப் பிள்ளைகள் காரணத்தைத் தொகைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 12 என்று கேட்டவுடன் யாராக இருந்தாலும் ஏன் பன்னிரண்டு என்று திரும்பக் கேட்பார்கள். கேட்டால் இக்பாலைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு உறையும் அவன் கதையை ஒருமுறை சொல்ல வைத்தது. மின்னஞ்சல் பெரும்பாலானோருக்குப் பழக்கமாகாத வருடம் அது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு வேறு ஊர்களின் நடுநிலைப் பள்ளிகளுக்கு எழுதினார்கள். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலிருந்தும், கடல் கடந்த பல நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. பள்ளி முடிந்த மாலைகளில் உறைகளைப் பிரித்து, எண்ணி, நன்றி எழுதி அனுப்புவது அவர்கள் வேலையானது. மொத்தத் தொகை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. இக்பாலைக் கொன்றது கம்பள முதலாளிகள் என்று அவனை விடுவித்த அமைப்பு சொன்னது. ஒரு விவசாயக் கூலி சுட்டான், கம்பளத் தொழிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அங்கு நடந்த விசாரணைகள் கூறின. இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை. நிதி திரட்டுபவர்களுக்கு இப்படிப்பட்ட தெளிவின்மை பிடிக்காது. உண்டியலுக்கு நேரான கதை வேண்டும்: ஒரு குழந்தை, ஒரு கொடியவன், ஒரு தீர்வு. அந்த நேரான கதைக்காக எத்தனையோ நல்ல அமைப்புகள் உண்மையைக் கொஞ்சம் மடித்து வைத்திருக்கின்றன. ஆனால் 12 டாலர் என்ற தொகை கொலையின் மேல் நிற்கவில்லை. அவனைச் சுட்டது யார் என்பதில் சந்தேகம் இருக்கலாம். ஒரு சிறு கடனுக்காக அவனைத் தறியில் உட்கார வைத்தார்கள் என்பதில் இல்லை. பிள்ளைகள் தெரிந்தோ தெரியாமலோ அசையாத இடத்தில் காலை ஊன்றியிருக்கிறார்கள்.

அதே காலத்தில் பெரியவர்கள் வேறு வழியையும் பார்த்தார்கள். குழந்தைகள் செய்த பொருளை அமெரிக்காவுக்குள் விடக் கூடாது என்று 1992இல் செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறக்கூட இல்லை; அந்தப் பயத்திலேயே பங்களாதேஷ் ஆடை ஆலைகள் சுமார் 50,000 பிள்ளைகளை வெளியே அனுப்பின. பலர் கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள் என்று யுனிசெஃப் 1997 அறிக்கையில் எழுதியது. ஆலையை விட்டு வெளியே வந்த பிள்ளை அடுத்த நாள் காலை எங்கே போகும் என்ற கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. குவின்சிப் பிள்ளைகள் கையில் சட்டம் இல்லை, அதிகாரம் இல்லை. அவர்களால் கட்ட முடிந்தது அந்தக் காலையில் போவதற்கு ஓர் இடம்.

பாகிஸ்தானில் அதை எங்கே, யாரைக் கொண்டு செய்வது? அங்குள்ள அமைப்புகளிடம் திட்டங்களைக் கேட்டு வாங்கிப் படித்து, சுதார் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இடம், லாகூருக்குத் தெற்கே கசூர். புல்லே ஷாவின் அடக்கத்தலம் இருக்கும் ஊர்; தோல் பதனிடும் ஊர்; தறிகளும் செங்கல் சூளைகளும் சூழ்ந்த ஊர். பணத்தில் ஒரு பகுதி தாய்மார்களுக்குச் சிறுகடனாகப் போனது, முன்பணத்தில் சிக்கிய பிள்ளைகளை மீட்டுக்கொள்ள. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பள்ளிக் கட்டடம் படத்தில் நன்றாக வரும். கடனை அடைத்துவிட்டு மகனின் கையைப் பிடித்து நடத்தி வரும் தாயைப் படம் எடுத்து அறிக்கையில் போட முடியாது. ஆனால் தறிக்கும் பள்ளிக்கும் நடுவே நிற்பது அந்தக் கடன்தான். சுவரை மட்டும் எழுப்பி அதைத் தொடாமல் விட்டிருந்தால் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைக்குத் தறிக்காரன் வாசலில் காத்திருப்பான்.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக உழைக்கும் எந்தச் சிறு அமைப்பையும் கேட்டுப் பாருங்கள், சுவருக்குப் பணம் வரும், சம்பளத்துக்கு வராது என்பார்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கச் சுவர் இடம் கொடுக்கும். ஆசிரியையின் ஜூலை மாதச் சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது? கிணறு தோண்டித் தருவார்கள், கயிறு அறுந்தால் மாற்ற ஆள் இருக்காது. அதனால்தான் பெரிய மனிதர் ஒருவரின் காசோலையைவிட ஐம்பது பள்ளிகள் வருடா வருடம் தரும் சிறு தொகை அந்த அமைப்புகளுக்கு மேலானது. நம் வீடுகளில் உலையில் போடும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பானையில் போடும் வழக்கத்தைப் போன்றது அது. பிடியரிசியின் பலம் அளவில் இல்லை. நாள் தவறாததில்தான் இருக்கிறது. நார்வேயின் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் 1964 முதல் வருடத்தில் ஒரு நாள் பாடத்தை விட்டு வேலைக்குப் போகிறார்கள். தோட்டம் திருத்தி, கடையில் நின்று, சுவருக்குச் சாயம் பூசி வந்த கூலியைப் பிற நாட்டு இளைஞர்களின் கல்விக்கு அனுப்புகிறார்கள். எந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்று அவர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். குவின்சிப் பள்ளியும் பிற்பாடு இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. அப்பாவிடம் வாங்கிக் கொடுத்த காசுக்கும் கை காய்த்துக் கொடுத்த காசுக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

இக்பாலின் சாவு இன்னொரு பிள்ளையின் கையிலும் போய் விழுந்தது. 1995 ஏப்ரல் 19 அன்று டொரொண்டோ ஸ்டார் நாளிதழின் முதல் பக்கத்தில் அந்தச் செய்தியைப் படித்த கிரேக் கீல்பர்கருக்கும் வயது 12. தார்ன்ஹில் என்ற புறநகரில் தன் வகுப்புத் தோழர்களைச் சேர்த்து, வீட்டுப் பழம்பொருள்களை விற்று அவர் தொடங்கியதுதான் ஃப்ரீ தி சில்ட்ரன். அந்த வருடக் கடைசியில் ஆசியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் சென்னைக்கும் வந்தார். இங்கே ஒரு சிறுமி வெறும் காலோடு, கையுறை இல்லாமல், பயன்படுத்திய ஊசிகளைப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பிறகு தன் புத்தகத்தில் எழுதினார். அப்போது சென்னையில் இருந்தவர்களுக்கு அது செய்தியே இல்லை. கனடாவிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.

அவர் தொடங்கியது பின்னாளில் வீ சாரிட்டி என்ற பெயரில் வளர்ந்தது. விளையாட்டரங்கம் நிறையப் பிள்ளைகள், மேடையில் நட்சத்திரங்கள், பெரு நிறுவனங்களின் கூட்டு. 2020இல் கனடா அரசின் மாணவர் உதவித் திட்டம் ஒன்றை அதனிடம் ஒப்படைத்தது பெரும் சர்ச்சையாகி, கனடாவில் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அந்த வருடமே அறிவித்தது. வழக்கும் வாதமுமாக நீண்ட அந்தக் கதையில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதன் வழியாகப் படித்த பிள்ளைகள் படித்தார்கள், அது உண்மை. எனக்குப் பட்டது வேறு. கொடுக்கும் பிள்ளைகளின் கூட்டம் ஓர் அரங்கத்தை நிறைக்கும் அளவுக்குப் பெருகும்போது, பெறும் பிள்ளை ஒரு முகமாக இருக்க முடிவதில்லை. திரையில் ஓடும் படமாகிவிடுகிறது. பிராட் மெடோஸ் வகுப்பில் இக்பால் எல்லாரும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து போனான். எந்தப் பெருக்கலிலும் அந்த நாற்காலியைப் பெருக்க முடியாது.

கடல் கடந்து பிள்ளைகளுக்காகப் பணம் வருவது தமிழ் நிலத்துக்குப் பழைய அனுபவம். பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் சாரா டக்கர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. இங்கிலாந்தில் இருந்தபடி திருநெல்வேலிப் பெண்களின் படிப்பை நினைத்தவர். அந்தப் பணத்தில் எழுத்தறிந்த பெண்களின் பேத்திகள் நம்மோடு இருக்கிறார்கள். நன்றி மறக்கக் கூடிய காரியம் இல்லை அது. ஆனால் அந்த நூற்றாண்டின் மிஷன் விடுதிகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட தூரதேசத்துக் கொடையாளர் அந்தப் பிள்ளைக்குத் தனக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். தாய் வைத்த பெயரோடு உள்ளே போன சிறுமி ஏதோ ஓர் ஆங்கிலச் சீமாட்டியின் பெயரோடு வெளியே வந்தாள். அன்பால் செய்ததாகவே இருக்கட்டும். கொடுத்த கை பெற்ற பிள்ளையின் மேல் பெயரை எழுதியது.

கசூரில் அது தலைகீழாயிற்று. உலகம் முழுவதிலுமிருந்து 12 டாலர் அனுப்பியவர்களில் ஒருவர் பெயரும் அந்தப் பள்ளியின் பெயரில் இல்லை. குவின்சியின் பெயரும் இல்லை. இக்பாலுக்கு ஒரு பள்ளி என்றே ஆரம்பம் முதல் அதை அழைத்தார்கள். 1997 வாக்கில் அது நடக்கத் தொடங்கியபோது 278 பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் மிகச் சிறியவர்களுக்கு வயது நான்கு. அந்த வயதில்தான் இக்பாலைத் தறிக்கு அனுப்பினார்கள்.